ஜல்லி கெட்டுப்போகாது சார்!

பொங்கல் முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்சதும் மரக்காணம் பக்கம் ரெண்டு வேலை ஒரே நேரத்துல நடக்கும். உப்பளத்துல, மழையில நிரம்பிக் கிடந்த பாத்தியில இருந்து தண்ணியை வடிச்சு, சேத்தை வாரி வரப்புல போட்டு, தரையைக் காலால மிதிச்சு இறுக்குவாங்க. ஈசிஆர் ஓரத்துப் பண்ணை வீடுகள்ல, தோட்டக் குளத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஜல்லிப் படுகையை மொத்தமாத் தோண்டி டிராக்டர்ல ஏத்தி வெளியே அனுப்பிட்டு, புது ஜல்லி இறக்குவாங்க. முதல் வேலை தலைமுறை தலைமுறையா அதே பாத்தியில நடக்குது. ரெண்டாவது வேலை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது, ஒவ்வொரு தடவையும் பில் மட்டும் ஏறுது.

இந்தப் பதிவு அந்த ரெண்டாவது வேலையைப் பத்தினது. சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன். அந்த ஜல்லியைப் பெரும்பாலும் மாத்தவே தேவையில்லை. மாத்துறதால உங்க குளம் சுத்தமாகறதும் இல்லை. உங்க குளத்து அழுக்கு எங்க வாய்க்காலுக்கு இடம் மாறுது, அவ்வளவுதான்.

படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது என்ன சமாச்சாரம்னே தெரியாது. அதனால முதல்ல அதைச் சொல்றேன். மீன் விட்ட அலங்காரக் குளத்துத் தண்ணி சீக்கிரம் பச்சையாகும், நாறும். அதைத் தடுக்க, குளத்தை ஒட்டி இன்னொரு ஆழமில்லாத தொட்டி கட்டி, அடியில ஓட்டை போட்ட பிவிசி பைப் பதிச்சு, மேலே ஓர் அடி உயரத்துக்கு ஜல்லி நிரப்பி, அதுல கல்வாழை, சம்பு, கோரை, வெட்டிவேர்னு நட்டு வைப்பாங்க. மோட்டார் குளத்துத் தண்ணியை அடிப் பைப்புக்குள்ள தள்ளும். தண்ணி ஜல்லி வழியா மெதுவா மேலே ஏறி, செடி வேரைக் கடந்து, திரும்பக் குளத்துல வழியும்.

மந்திரம் எதுவும் இல்லை. மீன் கழிவுல இருந்தும் மிஞ்சின தீனியில இருந்தும் அம்மோனியா வருது. அது மீனுக்கு விஷம். கல்லு மேல வழவழப்பா ஒட்டி வாழற ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. கழனிக்கு யூரியா போட்டா நடக்கிறதேதான் இங்கேயும் நடக்குது. 1950-கள்ல ஜெர்மனியில கேத்தே சைடல் என்கிற அம்மா இப்படிச் செடிகளை வச்சு அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணலாம்னு ஆராய்ச்சி பண்ணிக் காட்டினாங்க. நம்ம கோரைக்கும் சம்புக்கும் அந்த வேலை அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்.

இதுல கல்லோட வேலை என்ன? நுண்ணுயிர் குடியிருக்க இடம் தர்றது. வீட்டுச் சுவர் மாதிரி. ஜல்லி கருங்கல்லை உடைச்சது. மலையா கோடிக்கணக்கான வருஷம் நின்ன கல்லு உங்க தோட்டத்துல மூணு வருஷத்துல எப்படி சார் கெட்டுப்போகும்?

அப்போ கெட்டது எது?

முதல் குற்றவாளி சகதி. ஊர்ல இருந்து சனி ஞாயிறு வர்றவங்க மீனைப் பார்க்க ஆசைப்பட்டுக் கை நிறையத் தீனி போடுவாங்க. சாப்பிட்டது கழிவாகும், சாப்பிடாதது அடியில அழுகும். மோட்டார் அதையெல்லாம் உறிஞ்சி நேரா ஜல்லிக்குள்ள தள்ளும். நடுவுல ஒரு வண்டல் தொட்டி இருந்தா கனமான அழுக்கு அங்கேயே தங்கிடும். அந்தத் தொட்டியைக் கட்ட யாருக்கும் மனசு வர்றதில்லை, பார்க்க அழகா இருக்காதாம். ஆக, சல்லடை ஒண்ணையே குப்பைத்தொட்டியாவும் வச்சுக்கிட்டு, அடைச்சுக்குச்சுன்னு புலம்பறாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

ரெண்டாவது, வேர். சம்பும் கல்வாழையும் விட்டா ஓடும். மூணு வருஷம் கிழங்கைப் பிரிச்சு எடுக்கலைன்னா ஜல்லிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பூரா வேர்தான் இருக்கும். தண்ணி போக வழியில்லாம ஓரமாப் பாய்ஞ்சு தப்பிச்சு வந்துடும். இன்னொண்ணு கவனிக்கணும். செடி சத்தை எடுத்து இலையில வைக்குது. இலையை வெட்டி வெளியே எடுத்தாத்தான் அந்தச் சத்து குளத்தை விட்டுப் போகும். காய விட்டா அதே இடத்துல மக்கி, எடுத்ததைத் திரும்பக் கொடுத்துடும்.

மூணாவது, கரண்ட். ராத்திரி பில்லை மிச்சம் பிடிக்க டைமர் வச்சு மோட்டாரை நிறுத்துவாங்க. நம்ம பக்கத்து மின்வெட்டைப் பத்திச் சொல்லவே வேணாம். ஜல்லியில இருக்கிற நல்ல நுண்ணுயிருக்கு மூச்சு வேணும், அது ஓடற தண்ணியிலதான் வரும். பல மணி நேரம் தண்ணி நின்னா அது செத்து, காத்தில்லாத இடத்துல வாழற இன்னொரு கூட்டம் வளரும். அப்போ வர்றதுதான் அந்த அழுகின முட்டை நாத்தம். காலையில மோட்டாரைப் போட்டதும் அந்தக் கருப்புத் தண்ணி குளத்துக்குள்ள போகும், மீன் மிதக்கும். உடனே காண்ட்ராக்டருக்கு ஃபோன். அவர் வந்து ஒரு கை ஜல்லியை அள்ளிக் காட்டி, "பாருங்க சார், கருத்துப்போச்சு, மாத்தணும்" என்பார். கருத்தது கல்லு இல்லை. மேலே ஒட்டியிருக்கிற சகதி. கழுவினா போயிடும்.

நாலாவதுதான் எங்க ஊருக்கே உரிய விஷயம். உப்பு.

நீங்க வெட்டினது குளமா, உப்பளமா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்ட் குளம்னா சுமார் 40 சதுர மீட்டர். கோடையில ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணி ஆவியாகுதுன்னு வைங்க, எங்க கடற்காத்துக்கு அது அதிகமில்லை. 240 லிட்டர் ஆச்சு. 15 லிட்டர் குடத்துல 16 குடம். அதை ஈடுகட்ட தினமும் போர்த்தண்ணி விடறீங்க. உங்க போர்ல டிடிஎஸ் 2000-ன்னு வைங்க. குடிதண்ணிக்கு இந்தியத் தரநிலை வேற வழியில்லாதப்போ அனுமதிக்கிற உச்ச அளவு அது. கடலோர மனையில 2000 கிடைச்சாலே அதிர்ஷ்டம். லிட்டருக்கு 2 கிராம். அப்போ 240 லிட்டர்ல ஒரு நாளைக்கு 480 கிராம். மாசத்துக்கு 14 கிலோவுக்கு மேல உப்பைக் குளத்துல கொட்டறீங்க.

தண்ணி ஆவியாப் போகும். உப்பு போகாது. அந்தக் குளம் மூணு அடி ஆழம்னா சுமார் 36,000 லிட்டர் பிடிக்கும். மாசியில 2000-ல ஆரம்பிச்ச டிடிஎஸ் நாலு மாசத்துல 3600-ஐத் தொடும். கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி விட்டு, 3 டிகிரியில இருந்து 25 டிகிரிக்கு ஏத்தி எங்க ஆளுங்க உப்பு எடுக்கிறதும் இதே கணக்குலதான். அவங்க தெரிஞ்சு பண்றாங்க, நீங்க தெரியாமப் பண்றீங்க.

ஜல்லிப் படுகை அம்மோனியாவை எடுக்கும், உப்பை எடுக்காது. எந்தக் கல்லும் எடுக்காது. கல்வாழை இலை ஓரம் கருகும், செடி சோர்ந்து போகும், செடி சோர்ந்ததும் தண்ணி பச்சையாகும். இதுக்கும் தீர்ப்பு "ஜல்லி மாத்தணும்" என்பதுதான். புது ஜல்லி, புதுச் செடி, அதே போர்த்தண்ணி. அடுத்த சித்திரையில அதே கதை.

எனக்கு என்ன வந்தது?

"என் நிலம், என் காசு, என் குளம். உனக்கு என்னய்யா?" இந்தக் கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்றேன்.

பத்துக்குப் பத்தடி படுகை, ஓர் அடி ஆழம்னா 100 கன அடி. ஜல்லிக் கணக்குல ஒரு யூனிட். எடை நாலு டன்னுக்குக் குறையாது. அந்த நாலு டன் சகதியும் உப்புமா ஊறின ஜல்லி எங்க போகுது? பில்லுல "பழைய ஜல்லி அகற்றல்" என்று ஒரு வரி இருக்கும். எங்கே அகற்றினாங்க என்று இருக்காது. எங்க கொல்லைக்கு மேல்பக்கம் ஒரு வரத்து வாய்க்கால் இருக்கு. ஒரு வருஷம் யாரோ ராத்திரியில ரெண்டு லோடு அதுல கொட்டிட்டுப் போயிட்டாங்க. கல்வாழைக் கிழங்கும் கருப்புச் சேறும் அப்படியே ஜல்லியோட கிடந்தது. ஐப்பசி மழையில தண்ணி போக வழியில்லாம நட்ட கழனியில ஏறி நின்னுது. பயிர் மூணு நாள் மூழ்கிக் கிடந்தது. எந்த வீட்டு ஜல்லின்னு அதுல பேர் எழுதியிருக்காது. கேட்டா எல்லாருக்கும் காண்ட்ராக்டர் மேல கை நீளும், அவருக்கு டிராக்டர்காரர் மேல நீளும்.

எங்க பக்கத்து வாய்க்காலும் ஓடையும் கடைசியில போய்ச் சேர்ற இடம் கழுவெளி. மரக்காணம், வானூர் வட்டங்கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல பரந்து கிடக்கிற உவர்நீர் ஏரி அது. மழைத்தண்ணி ஒரு பக்கம் வந்து சேரும், எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக் கடல் தண்ணி இன்னொரு பக்கம் ஏறி வரும். 2021 டிசம்பர்ல அரசு அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது. 2024-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தது. நீங்க கேமராவைத் தூக்கிக்கிட்டுப் பூநாரை பார்க்கப் போற இடம்தான். உங்க தோட்டத்துல வேண்டாம்னு வீசற ஆகாயத்தாமரையும், பெருசாகிப்போச்சுன்னு வாய்க்கால்ல விடற டேங்க் கிளீனர் மீனும் போற பாதையும் அதுதான். ஆகாயத்தாமரை உப்புத்தண்ணியில தாங்காது. ஆனா வழியில இருக்கிற நல்ல தண்ணி ஏரியையும் குட்டையையும் மூட அதுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

இன்னொரு பயமும் இருக்கு. அந்தப் பழைய ஜல்லி எங்கேயாவது கான்கிரீட்ல கலந்தா, அதுல இருக்கிற உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பார்க்க நல்ல ஜல்லியாத்தான் இருக்கும். தெரிஞ்சே யாரும் வாங்க மாட்டாங்க. தெரியாம வாங்கினா?

"கழுவ ஆள் கிடைக்காது, கூலி கட்டாது" என்பதுதான் காண்ட்ராக்டர்கள் சொல்ற ஒரே காரணம். அதையும் நிறுத்துப் பார்ப்போம். மாத்தறதுன்னா நாலு டன்னை அள்ளி ஏத்தணும், நாலு டன் புதுசை இறக்கிப் பரப்பணும். எட்டு டன் வேலை. கூட லாரி வாடகை, ஜல்லி விலை. கழுவறதுன்னா ஒரு வருஷத்துக்குப் பாதிப் படுகை, ரெண்டு டன். வெளியே எங்கேயும் போகாது. ஆள் கிடைக்கலைங்கிறது பொய். கழுவறதுல லாபம் கிடைக்கலை, அதான் நிஜம்.

பராமரிப்புன்னா இதுதான்

புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்துல அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. அந்த வளாகத்துக் கழிவுநீரைப் பல வருஷமா இதே மாதிரி செடி நட்ட ஜல்லிப் படுகையிலதான் சுத்தம் பண்ணித் தோட்டத்துக்கு விடறாங்க. ஆரோவில்காரங்க வடிவமைச்சது. ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கே ஜல்லி தாங்குதுன்னா உங்க பத்து மீனுக்குத் தாங்காதா? அங்கே சூட்சுமம் வரிசையில இருக்கு. முதல்ல வண்டல் தங்கற தொட்டி, அப்புறம் தடுப்புச் சுவர் வச்ச மூடின தொட்டி, அதுக்கப்புறம்தான் ஜல்லி. கனமான அழுக்கு கல்லுகிட்ட வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தப்படுது.

உங்க வீட்டுக்கும் அதே வரிசைதான்.

மோட்டாருக்கும் ஜல்லிக்கும் நடுவுல ஒரு 200 லிட்டர் பீப்பாயாவது வைங்க. அழகு பத்திக் கவலைன்னா வெட்டிவேரைச் சுத்தி நட்டு மறைச்சுக்கங்க. வாரம் ஒரு தடவை அடி வால்வைத் திறந்து சகதியை எடுங்க.

அடிப் பைப்போட ஒரு முனையைத் தரைக்கு மேலே நீட்டி மூடி போட்டு வைங்க. மாசம் ஒரு தடவை அதுல தண்ணியை வேகமா விட்டு உள்ளே தங்கினதை வெளியேத்துங்க. இந்தப் பைப் இல்லாமக் கட்டினவர் உங்களுக்கு ஃபில்டர் கட்டலை, ஜல்லிக்குச் சமாதி கட்டியிருக்கார்.

ஆடியிலயும் தையிலயும் செடியை வெட்டுங்க. மூணுல ஒரு பங்கு கிழங்கைப் பிடுங்கிடுங்க. வெட்டினதைக் காய வச்சு மூடாக்குப் போடுங்க, வாய்க்கால்ல போடாதீங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை பாதிப் படுகையை மட்டும் தோண்டுங்க. ஜல்லியைப் பீப்பாய்ல போட்டு குளத்துத் தண்ணியிலேயே அலசி, திரும்பப் போடுங்க. பளபளன்னு தேய்க்க வேணாம். குளோரின் கலந்த தண்ணியும் வேணாம், நுண்ணுயிர் செத்துடும். மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்தினா அந்தக் குடியிருப்பே காலி. திரும்பக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் அம்மோனியா அப்படியே நிக்கும். "புது ஜல்லி போட்டும் மீன் செத்துப்போச்சே" என்று அழறவங்களுக்கு இதுதான் பதில். புது ஜல்லி போட்டதாலதான் செத்துச்சு. மறுபாதியை அடுத்த வருஷம் பாருங்க. ரொம்ப அடைச்சிருந்தா ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க.

எடுத்த சகதி தங்கம். வெயில்ல மெல்லிசாப் பரப்பிக் காய வச்சா நாத்தம் போயிடும். ஆனா உப்பு ஏறின சகதியை மல்லாட்டைக்கும் (உங்க ஊர் வேர்க்கடலை) காய்கறிக்கும் போடாதீங்க. தென்னைக்கும் சவுக்குக்கும் போடுங்க, அதுங்க தாங்கும்.

மோட்டாரை நிறுத்தாதீங்க. சின்ன மோட்டார், நாள் பூரா ஓடற மாதிரி. மின்வெட்டு நீண்டா, திரும்பப் போடும்போது முதல்ல வர்ற கருப்புத் தண்ணியைக் குளத்துக்கு விடாம வெளியே திருப்பித் தென்னைக்கு விடுங்க.

நிஜமாவே ஜல்லி மாத்த வேண்டிய சமயமும் உண்டு. கையில நசுக்கினா பொடியாகிற செங்கல் ஜல்லியோ சுண்ணாம்புக் கல்லோ போட்டிருந்தா மாத்தத்தான் வேணும். மணலும் சிப்ஸும் கலந்து நிரப்பியிருந்தாலும் அடைச்சுக்கிட்டே இருக்கும், மாத்துங்க. அடியில விரிச்ச ஷீட் கிழிஞ்சிருந்தா எடுத்துத்தான் ஆகணும். அப்போகூட பாதிப் பாதியா மாத்துங்க. ஆத்துக் கூழாங்கல் கேட்டு அடம் பிடிக்காதீங்க, கல்குவாரி முக்கால் ஜல்லியைத் தூசி போகக் கழுவிப் போட்டாப் போதும். பழசைக் கழுவித் தோட்டத்து நடைபாதைக்குப் போட்டுக்கங்க. உங்க வேலியைத் தாண்டக் கூடாது.

உப்புக்கு மருந்து ஒண்ணுதான், மழை. இந்தக் கரையில வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல மழை பெய்யுது. 1000 சதுர அடிக் கூரையில ஒரு மீட்டர் மழை விழுந்தா 90,000 லிட்டர். உங்க ஒரு சென்ட் குளத்தை ரெண்டு தடவை நிரப்பலாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாச்சு. பண்ணை வீட்டுக்கு மட்டும் விலக்கு கிடையாது. ஒரு தொட்டி கட்டி அந்தத் தண்ணியைக் கோடைக்கு வச்சுக்கங்க. அது முடியலைன்னா, போர்ல டிடிஎஸ் 2000-க்கு மேல இருக்கிற மனையில வருஷம் பூரா நிரம்பி நிக்கிற குளமே வேணாம். மழைக்கு நிரம்பிக் கோடையில வத்தற குட்டை வெட்டுங்க. எங்க ஊர்க் குட்டைங்க அப்படித்தான் இருந்துது. வத்தினா வண்டல் எடுப்போம், கழனிக்கு அடிப்போம். வத்தறது குறையில்லை, குட்டைக்கு அதுதான் பராமரிப்பு. தினம் 16 குடம் நிலத்தடித் தண்ணியை வெயில்ல காய வைக்க இந்தக் கடலோரத்துல யாருக்கும் உரிமை கிடையாது. நீங்க நல்ல தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல் வருது. உங்களுக்கு அது பாட்டில் தண்ணி வாங்கற செலவு. எங்களுக்கு அடுத்த பட்டம் விதைக்கலாமா வேணாமாங்கிற கேள்வி.

குளம் வைக்காதீங்கன்னு நான் சொல்லலை. குளத்தோட கோவிச்சுக்கிட்டுக் கால் கழுவாமப் போறவன் இல்லை நான். தவளை கத்தற, தட்டான் பறக்கிற தோட்டம் யாருக்குத்தான் பிடிக்காது? வச்சா வச்சவங்க பார்த்துக்கணும் என்கிறேன். அடுத்த தடவை காண்ட்ராக்டர் கொட்டேஷன் நீட்டும்போது ரெண்டே கேள்வி கேளுங்க. "ஏன் கழுவக் கூடாது?" "பழைய ஜல்லியை எந்த சர்வே நம்பர்ல கொட்டுவீங்க?" ரெண்டாவது கேள்விக்குப் பதில் எழுத்துல வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.